ஆக்ஸிஜன் குறைஞ்சா மூச்சுக்குழாய் தசை என்ன பண்ணும்? எங்க ஊர்க்காரங்க கேட்ட கேள்விகள்

நான் இருக்கிறது லெனேசியாவுல, ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தெக்கால. நுரையீரல் டெஸ்ட் எடுக்கிற வேலை, குழாய்ல ஊதச் சொல்லுவாங்களே அந்த டெஸ்ட்தான். சனிக்கிழமை தமிழ் கிளாஸுக்கு பிள்ளைங்களை விட வர்ற அம்மாக்கள், கோயில்ல பாக்கிற பெரியவங்க, எல்லாரும் ஆஸ்துமா பத்தியும் ஆக்ஸிஜன் பத்தியும் கேட்டுக்கிட்டே இருப்பாங்க. கோவிட் வந்தப்ப வீட்டுக்கு வீடு, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்ஸிஜன் பாக்கிற ஆக்ஸிமீட்டர் வாங்கி வச்சோம், அதுல இருந்து கேள்வி இன்னும் ஜாஸ்தி ஆயிடுச்சு. பலருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப சொல்றதால எழுதியே வச்சிடலாம்னு தோணுச்சு. சில பதில் நீளமா போயிருக்கும், அந்த இடத்துல விஷயம் அப்படி.

மூச்சுக்குழாய்ல தசை இருக்கா? நெஞ்சுலயும் வயித்துலயும்தானே இருக்கு?

இருக்கு. கை கால் தசை மாதிரி நம்ம இஷ்டத்துக்கு அசைக்க முடியாது, தானா இயங்குற மென்தசை அது. குடல்லயும் ரத்தக்குழாய்லயும் இருக்கிற அதே வகைதான். பெரிய மூச்சுக்குழாய்ல இருந்து பிரிஞ்சு பிரிஞ்சு போற சின்னச் சின்னக் கிளை வரைக்கும் சுவத்துக்குள்ள வளையம் மாதிரி சுத்திக்கிட்டு போகும். அது இறுகினா குழாய் சின்னதாகும், அப்பதான் விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், அதைத்தான் நாம வீசிங்னு சொல்றோம், எங்க ஆயா காலத்துல இழுப்புன்னு சொல்லுவாங்க.

அந்தத் தசைக்கு சக்தி எங்க இருந்து வருது?

எல்லா செல்லும் ஏடிபின்னு ஒரு சின்ன மூலக்கூறை வச்சுதான் வேலை பாக்குது. அதைச் செய்ய ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, செல்லோட குழம்புப் பகுதியிலேயே குளுக்கோஸை ரெண்டா உடைக்கிறது, அதுக்கு ஆக்ஸிஜனே வேண்டாம், ஆனா ஒரு குளுக்கோஸுக்கு மிஞ்சுறது 2 ஏடிபிதான். இன்னொண்ணு, உடைஞ்ச அந்தத் துண்டை, செல்லுக்குள்ள சக்தி செய்யுற மைட்டோகாண்ட்ரியாங்கிற சின்னப் பைகளுக்குள்ள அனுப்பி ஆக்ஸிஜனோட முழுசா எரிக்கிறது, அப்ப அதே ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் 30, 32 வரைக்கும் கிடைக்கும்.

நம்ம ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். லோட் ஷெடிங் நேரத்துல லைன் கரண்ட் போனதும் ஜெனரேட்டர் போடுவோம்ல, விளக்கு எரியும், ஃபிரிட்ஜ் ஓடும், ஆனா டீசல் கடகடன்னு குறையும், கீசரை யாரும் போட மாட்டோம். செல்லும் அதேதான் பண்ணுது. ஆக்ஸிஜன் இல்லாத வழியில ஓடினா சர்க்கரை ஏகப்பட்டது செலவாகும், அதனால அவசரமில்லாத வேலையை எல்லாம் நிறுத்தி வைக்கும். நிறுத்தச் சொல்ற சுவிட்சுக்கு ஏஎம்பிகேன்னு பேரு, ஏடிபி கொஞ்சம் குறைஞ்சாலே அது விழிச்சுக்கும், புதுப் புரோட்டீன் கட்டுறது கொழுப்பு கட்டுறது மாதிரி வேலைக்கெல்லாம் பிரேக் போட்டுடும்.

மென்தசைக்கு இன்னொரு விசேஷமும் இருக்கு. கை தசை ஒரு எடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா ரெண்டு நிமிஷத்துல நடுங்கிடும். மென்தசை அதே இறுக்கத்தை மணிக்கணக்கா பிடிச்சுக்கிட்டு நிக்கும், அதுக்கு ஆகுற சக்தி எலும்புத்தசைக்கு ஆகுறதுல பத்துல ஒரு பங்குல இருந்து முந்நூறுல ஒரு பங்குக்குள்ளதான். தாழ்ப்பாள் போட்ட கதவு மாதிரி, ஒரு தடவை தள்ளி மூடிட்டா அப்புறம் தள்ளிக்கிட்டே நிக்க வேண்டியதில்ல. ரொம்ப சிக்கனமான தசை.

ஆக்ஸிஜன் குறைஞ்சதும் ஏடிபி தீர்ந்து போயிடுமா?

இல்ல. எல்லாரும் தப்பா நினைக்கிற இடம் இதுதான், அதனால நிறுத்தி சொல்றேன்.

மைட்டோகாண்ட்ரியாவுல ஆக்ஸிஜனைக் கடைசியா வாங்கிக்கிற என்சைம் ஒண்ணு இருக்கு, சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ். அதுக்கு ஆக்ஸிஜன் மேல அவ்வளவு பிடிப்பு. கடல்மட்டத்துல காத்துல ஆக்ஸிஜனோட அழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம், நுரையீரலோட காத்துப்பைக்கு வரும்போது அது சுமார் 100, திசுவுக்குள்ள போகப் போக இன்னும் இறங்கிக்கிட்டே வரும், மைட்டோகாண்ட்ரியா பக்கத்துல ஒத்தை இலக்கத்துல கூட இருக்கலாம். அந்த என்சைமைத் தனியா எடுத்துப் பாத்தா 1 மில்லிமீட்டர் அளவுக்குக் கீழ போனாத்தான் தடுமாறுது. அதனால ரத்தத்துல ஆக்ஸிஜன் கொஞ்சம் இறங்கின உடனே தசையில சக்தி அணைஞ்சு போறதில்ல. கொஞ்ச நேரத்துக்கு கிரியேட்டின் பாஸ்பேட்டுன்னு ஒரு சின்ன சேமிப்பும் கை கொடுக்கும், மென்தசையில அது கம்மிதான், ஆனா செலவும் கம்மியாச்சே.

சக்தி தீர்றதுக்கு ரொம்ப முன்னாடியே செல்லு தன்னோட வழியை மாத்த ஆரம்பிச்சிடுது. ஆக்ஸிஜன் முழுசா போற வரைக்கும் அது காத்திருக்கிறதே இல்ல.

ஆக்ஸிஜன் குறையுதுன்னு செல்லுக்கு யார் சொல்றா?

இதுக்குப் பதில் கண்டுபிடிச்சவங்களுக்குத்தான் 2019ல மருத்துவ நோபல் கொடுத்தாங்க, வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா மூணு பேருக்கும்.

செல்லுக்குள்ள ஹிஃப்-1 ஆல்ஃபான்னு ஒரு புரோட்டீன் எந்நேரமும் தயாராகிக்கிட்டே இருக்கும், தயாரான கையோட அழிஞ்சுக்கிட்டும் இருக்கும். அழிக்கணும்னா அதுமேல ஒரு முத்திரை குத்தணும், முத்திரை குத்துற என்சைமுக்கு ஆக்ஸிஜன் வேணும். ஆக்ஸிஜன் குறைஞ்சா முத்திரை விழாது, ஹிஃப் பிழைச்சுக்கும், நேரா நியூக்ளியஸுக்குள்ள போய் மளமளன்னு ஜீன்களை எழுப்பி விடும். சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸை விட இந்த முத்திரை என்சைம் ஆக்ஸிஜன் குறையுறதை ரொம்ப சீக்கிரம் உணர்ந்துடும், முன்னாடியே மாறிக்கிதுன்னு சொன்னேனே அது இதனாலதான்.

ஹிஃப் எழுப்புற ஜீன்கள்ல மூணு வகை நம்ம கதைக்கு முக்கியம். சர்க்கரையை உள்ள இழுக்கிற கதவு கூடும். சர்க்கரையை உடைக்கிற என்சைம்கள் கூடும். மூணாவதுதான் எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கும், பிடிகே-1ன்னு ஒரு என்சைம், உடைஞ்ச சர்க்கரைத் துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள போற வாசலையே அது மூடிடும். ஆக்ஸிஜன் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் மூடிடும்! ஏன்னா ஆக்ஸிஜன் பத்தாத நேரத்துல மைட்டோகாண்ட்ரியாவை வழக்கம் போல ஓட்டினா எலக்ட்ரான் வழியில சிந்தி, செல்லை அரிக்கிற ஆக்ஸிஜன் ரேடிக்கல் உண்டாகும். வாசலைச் சாத்துறது செல்லு தன்னைக் காப்பாத்திக்கிற வேலை.

அப்ப லாக்டிக் ஆசிட் சேருமா? அதனாலதான் நெஞ்சு வலிக்குதா?

லாக்டேட் சேரும், உண்மை. சர்க்கரை உடைக்கிற வழி நிக்காம ஓடணும்னா என்ஏடி-ன்னு ஒரு உதவி மூலக்கூறு திரும்பத் திரும்பக் கிடைக்கணும், லாக்டேட் உண்டாகும்போதுதான் அது மீளும். ஆனா ஆஸ்துமா அட்டாக் நேரத்துல நெஞ்சு வலிக்கிறது பெரும்பாலும் விலா நடுவுல இருக்கிற தசையும் உதரவிதானமும் பாடுபடுறதால. இன்னொண்ணு, மென்தசை ஆக்ஸிஜன் தாராளமா இருக்கும்போதே ஓரளவு லாக்டேட் செய்யுற வகை, அதனால லாக்டேட்டைப் பாத்ததும் ஆக்ஸிஜன் இல்லைன்னு முடிவு கட்டக் கூடாது.

ஆக்ஸிஜன் குறைஞ்சா மூச்சுக்குழாய் தசை இறுகுமா, தளருமா?

நான் சென்னையில படிச்சப்ப கண்ணால பாத்ததைச் சொல்றேன். மிருகத்தோட மூச்சுக்குழாய்ல இருந்து ஒரு வளையம் வெட்டி, மேலயும் கீழயும் நூல் கட்டி, 37 டிகிரி வெதுவெதுப்புல உப்புக்கரைசல் இருக்கிற கண்ணாடிக் குழாய்க்குள்ள தொங்க விடுவாங்க. அடியில இருந்து 95 சதவீத ஆக்ஸிஜன் 5 சதவீத கார்பன் டை ஆக்ஸைடு குமிழ் குமிழா ஏறிக்கிட்டு இருக்கும். தசையை இறுக்குற மருந்து ரெண்டு சொட்டு விட்டா போதும், பேப்பர்ல பேனாக்கோடு மெதுவா மேல ஏறி ஒரு மேடு மாதிரி நிக்கும். அப்ப ஆக்ஸிஜனை மூடிட்டு நைட்ரஜனைத் திறந்தாங்க. கோடு இன்னும் ஏறும்னு நான் நினைச்சேன். ஏறல, கொஞ்சம் கொஞ்சமா இறங்கிச்சு. திரும்ப ஆக்ஸிஜன் விட்டதும் கோடு மறுபடி எழுந்துச்சு, தசை சாகல, தளர்ந்துதான் இருந்துச்சு.

அதுக்குக் காரணம் சக்தி தீர்ந்து போனது மட்டும் இல்ல. தசை இறுகணும்னா வெளியில இருந்து கால்சியம் உள்ள வரணும், ஆக்ஸிஜன் குறையும்போது அந்த கால்சியம் வழி சுருங்கிடுது. கால்சியம் கம்மியானா இறுக்கம் கம்மி, இறுக்கம் கம்மியானா ஏடிபி செலவும் கம்மி. வருமானம் குறையும்போது செலவைக் குறைக்கிற குடும்பம் மாதிரிதான்.

இதுல விசித்திரம் என்னன்னா, ஒரு சில மில்லிமீட்டர் தள்ளி நுரையீரல் ரத்தக்குழாய்ல இருக்கிற மென்தசை இதுக்கு நேர் எதிரா நடக்கும், ஆக்ஸிஜன் குறைஞ்சா இறுகிக்கும். ஸ்வீடன்ல ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946லயே பூனையில அதைக் காட்டிட்டாங்க. காத்து வராத மூலைக்கு ரத்தத்தை அனுப்பி என்ன பிரயோஜனம், அதனால அந்தப் பக்கம் போற குழாயைச் சுருக்கி காத்து இருக்கிற பக்கம் ரத்தத்தைத் திருப்பி விடுது. ஒரே வகைத் தசைதான், இருக்கிற இடத்துக்கு ஏத்த மாதிரி நடந்துக்குது.

அப்படின்னா ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆக்ஸிஜன் குறையுறது நல்லதா?

இல்லவே இல்ல, தயவு செஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. கண்ணாடிக் குழாய்ல தொங்குற வளையத்துக்கு நரம்பு கிடையாது, வீக்கம் கிடையாது, சளி கிடையாது. உடம்புக்குள்ள ஆக்ஸிஜன் குறைஞ்சா கழுத்துல இருக்கிற உணரி மூளைக்குச் சொல்லி, மூளை, அங்க இருந்து நுரையீரலுக்கு வர்ற வேகஸ் நரம்பு வழியா மூச்சுக்குழாயை இறுக்கவும் செய்யலாம். ஆஸ்துமாவுல தசை இறுகுறதும் சுவர் வீங்குறதும் சளி அடைக்கிறதும் முதல்ல, அதோட விளைவாத்தான் ஆக்ஸிஜன் குறையும். தசை தானா தளரும்னு காத்திருந்தா அதுக்குள்ள ஆள் களைச்சுப் போயிடுவாங்க.

ஆக்ஸிமீட்டர்ல 96 காட்டுச்சு, அப்ப ஒண்ணும் இல்லதானே?

எங்க தெருவுல ஒரு அக்கா, ராத்திரி பதினோரு மணிக்கு கூப்பிட்டாங்க. போய்ப் பாத்தா கட்டில் ஓரத்துல ரெண்டு கையையும் முட்டியில ஊன்றிக்கிட்டு உக்காந்திருந்தாங்க, "வா... பா" ன்னு ரெண்டு எழுத்துக்கு நடுவுல ஒரு மூச்சு, கழுத்துக் குழி ஒவ்வொரு இழுப்புக்கும் உள்ள போகுது. அவங்க பையன் மெஷினைக் காட்டி, "96 தானே இருக்கு அங்கிள், காலையில பாத்துக்கலாமா?" ன்னு கேக்கிறான். உடனே இன்ஹேலர் பம்பு கொடுத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், ரெண்டு நாள் இருக்க வேண்டியிருந்துச்சு.

மெஷின் காட்டுறது விரல்ல ஓடுற ரத்தத்தோட ஹீமோகுளோபின் எவ்வளவு நிரம்பியிருக்குன்னுதான். மூச்சுக்குழாய் எவ்வளவு சுருங்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது, தசைக்குள்ள ஏடிபி எப்படி இருக்குன்னும் தெரியாது. வேகமா மூச்சு வாங்கி வாங்கி அந்த நம்பரை உடம்பு ரொம்ப நேரம் தாங்கிப் பிடிக்கும். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னா, உதடு நிறம் மாறினா, பம்பு அடிச்சும் கேக்கலைன்னா நம்பரைப் பாக்காதீங்க, ஆம்புலன்ஸுக்கு 10177 கூப்பிடுங்க, செல்போன்ல 112.

நம்மளுக்குன்னு இன்னொரு விஷயம் இருக்கு. கருப்பு நிறத்தோல்ல இந்த மெஷின் சில சமயம் இருக்கிறதை விடக் கூடுதலா காட்டும்னு ஆராய்ச்சியில தெரிஞ்சிருக்கு, அமெரிக்காவுல 2020ல வந்த பெரிய ஆய்வுக்கு அப்புறம் நிறைய பேசப்பட்டுச்சு. வெள்ளைக்காரருக்கு 93ன்னா 93ஆ இருக்கலாம், நமக்கு உண்மையில அதுக்கும் கீழ இருக்கலாம். நெயில் பாலிஷ் இருந்தா அழிச்சிட்டு வைங்க, கருப்பு மருதாணி போட்ட விரல்ல வைக்காதீங்க.

டர்பன்ல 98, ஜோபர்க் வந்தா 95. மெஷின் கெட்டுப் போச்சா?

மெஷின் நல்லாத்தான் இருக்கு. டர்பன் கடலோரம், ஜோபர்க் இருக்கிறது கடல்மட்டத்துல இருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்துல. காத்துல ஆக்ஸிஜன் ரெண்டு ஊர்லயும் 21 சதவீதம்தான், ஆனா காத்தோட மொத்த அழுத்தமே இங்க கம்மி, அங்க 760ன்னா இங்க 625 கிட்ட. அதனால ஆக்ஸிஜனோட அழுத்தம் 160ல இருந்து 130 கிட்ட இறங்கிடுது. நல்ல நுரையீரல் இருக்கிறவங்களுக்கு இது ஒரு பொருட்டே இல்ல, அவங்க மூச்சுக்குழாய் தசையும் இதுக்காக வழி மாத்திக்கிறதா நினைக்க வேண்டாம், மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தேவையானதை விட இது எவ்வளவோ மேல. லெசோத்தோவுக்குப் போற சானி பாஸ் மலைப்பாதையில ஏறி உச்சிக்குப் போனா 2,870 மீட்டர் கிட்ட, அங்க நுரையீரல் நோய் இருக்கிறவங்களுக்கு மூச்சு வாங்கும், போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போங்க.

குளிர்காலத்துல இங்க வீசிங் கூடுறதுக்கு ஆக்ஸிஜனை விட ஹைவெல்ட்னு சொல்ற இந்த மேட்டுநிலத்துக் காத்தோட வறட்சியும் குளிரும், கரி எரிக்கிற புகையும்தான் பெரிய காரணம். டர்பன்லயும் மெரிபேங்க் பக்கம் இருக்கிற சொந்தக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம், எண்ணெய் ரிஃபைனரிகளை ஒட்டியே வாழ்ந்த ஜனம் அது, அங்க பிள்ளைங்களோட ஆஸ்துமாவுக்காக பெத்தவங்க வருஷக்கணக்கா போராடியிருக்காங்க.

மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஆக்ஸிஜன் குறைவாவே இருந்தா?

இங்கதான் எனக்கு உண்மையான கவலை. நிமிஷக்கணக்குல நடக்கிறது சமாளிப்பு, திரும்ப ஆக்ஸிஜன் வந்தா எல்லாம் பழையபடி ஆகும். நாள்பட்டா ஹிஃப் எழுப்புற ஜீன்கள் செல்லோட குணத்தையே மாத்த ஆரம்பிக்கும். லேப்ல வளர்த்த மனுஷ மூச்சுக்குழாய் தசைச் செல்லுக்கு ஆக்ஸிஜனைக் குறைச்சா, புது ரத்தக்குழாய் வளரச் சொல்ற விஇஜிஎஃப்-ங்கிற சிக்னலை அது வெளியில விடுறதைப் பாத்திருக்காங்க. சர்க்கரை உடைக்கிற வழி கூடினா அதுல வர்ற துண்டுகளை வச்சே புது செல்லு கட்டலாம், பெருகுற செல்லுக்கு அந்த வழி வசதி. ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு இந்தத் தசை தடிச்சுப் போறது தெரிஞ்ச விஷயம். அதுக்கு ஆக்ஸிஜன் குறைவு மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, வீக்கம்தான் பெரிய பங்கு. ஆஸ்துமாக்காரங்க தசைச் செல்லுல மைட்டோகாண்ட்ரியா குறையாம கூடுதலாவே இருக்குன்னு 2007ல பிரான்ஸ்ல இருந்து ஒரு ஆய்வும் வந்திருக்கு, அதனால இதை ஒரே கோட்டுல அடக்க முடியாது. சிஓபிடி, அதாவது நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருக்கிறவங்க செல்லுல மைட்டோகாண்ட்ரியா பழுதாகி ரேடிக்கல் கூடுறதைப் பாத்திருக்காங்க, அதுல சிகரெட் புகைக்குப் பெரிய பங்கு.

நம்ம நாட்டுல தங்கச் சுரங்கத்துல தூசி குடிச்சவங்க, காசநோய் வந்து மருந்து முடிச்சும் நுரையீரல் வடுவோட இருக்கிறவங்க, பாராஃபின் அடுப்புல சமைச்சவங்க எத்தனையோ பேர். டிபி முடிஞ்சிடுச்சுன்னு விட்டுடாதீங்க, மூச்சு வாங்கினா ஒரு ஊதுற டெஸ்ட் கேட்டு எடுத்துக்கோங்க.

பம்பு எப்படி வேலை செய்யுது? அதுக்கும் இந்த ஏடிபிக்கும் சம்பந்தம் இருக்கா?

நல்ல கேள்வி. நீல பம்புல இருக்கிற சால்புட்டமால் தசையோட கதவைத் தட்டினதும் உள்ள சைக்ளிக் ஏஎம்பின்னு ஒரு சிக்னல் உண்டாகும், அதைச் செய்யுறதே ஏடிபியில இருந்துதான். அந்த சிக்னல் வந்தப்புறம் கால்சியத்தைப் பம்ப் பண்ணி வெளியேத்தவும் ஏடிபி வேணும். இறுகுறதுக்கு மட்டுமில்ல, தளர்றதுக்கும் சக்தி வேணும்.

மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சுல கொடுக்கிற நெபுலைசரைத் திரும்பத் திரும்ப போட்டா ரத்தத்துல லாக்டேட் ஏறும், அது பெரும்பாலும் மருந்தோட வேலை. போட்ட கையோட ஆக்ஸிமீட்டர் நம்பர் ஒண்ணு ரெண்டு இறங்கவும் செய்யலாம், சுருங்கியிருந்த ரத்தக்குழாயையும் மருந்து திறந்து விடுறதால காத்தில்லாத மூலைக்கும் ரத்தம் ஓடிடும். பயப்பட வேண்டாம், ஆனா திரும்ப ஏறுதான்னு பாருங்க. நீல பம்பு தசையை மட்டும்தான் தளர்த்தும், வீக்கத்தை ஆத்துறது ஸ்டீராய்டு பம்பு, அதை நல்லா இருக்கிறப்பவும் தினம் எடுக்கணும்.

தாத்தாவுக்கு சிஓபிடி. வீட்டுல ஆக்ஸிஜன் மெஷின் இருக்கு, கூட வச்சா தசைக்கு இன்னும் சக்தி கிடைக்குமா?

கிடைக்காது. மைட்டோகாண்ட்ரியாவுக்குக் கொஞ்சம் போதும்னு மேலயே சொன்னேன். சிஓபிடி இருக்கிறவங்களுக்கு டாக்டருங்க வழக்கமா ஆக்ஸிமீட்டர் நம்பரை 88ல இருந்து 92க்குள்ள வைக்கச் சொல்லுவாங்க, அதுக்கு மேல ஏத்தினா சிலருக்கு கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து மயக்கம் வரும். டாக்டர் வச்ச லிட்டரைத் தொடாதீங்க. கரண்ட் கட்டுக்கு இன்வெர்ட்டரோ ஒரு சிலிண்டரோ தயாரா வச்சுக்கோங்க, மெஷின் ஓடுற ரூம்ல பீடி சிகரெட் வேண்டாம், சாமி விளக்கையும் வேற ரூமுக்கு மாத்திடுங்க.

சர்க்கரைத் தண்ணி கொடுத்தா அட்டாக் நேரத்துல தசைக்கு உதவுமா?

உதவாது. ரத்தத்துல இருக்கிற சர்க்கரையே போதும். மூச்சு வாங்கும்போது குடிக்கக் கொடுத்தா புரையேறும்.

ஆராய்ச்சிக்கு இந்தத் தசை எங்க கிடைக்குது?

கேன்சருக்காக ஆபரேஷன் பண்ணி எடுத்த நுரையீரல் துண்டுல நல்லா இருக்கிற ஓரத்துல இருந்து, வேற ஆளுக்குப் பொருத்த ஒத்து வராத தான நுரையீரல்ல இருந்து, சில சமயம் மூக்கு வழியாவோ வாய் வழியாவோ கேமரா குழாய் விட்டு கடுகளவு கிள்ளி எடுத்தும் எடுப்பாங்க, எல்லாம் ஆளோட சம்மதம் வாங்கித்தான். அந்தக் கடுகளவை தட்டுல வச்சு வாரக்கணக்கா வளர்ப்பாங்க. ஆனா தட்டுல வளர்ற செல்லுக்கு உடம்புல கிடைக்கிறதை விட சர்க்கரை ஜாஸ்தி, அதனால அது சோம்பேறியாகி ஆக்ஸிஜன் இருக்கும்போதே சர்க்கரை வழியில ஓட ஆரம்பிச்சிடும். அதைத் திருத்த குளுக்கோஸுக்குப் பதில் கேலக்டோஸ் கொடுப்பாங்க, அந்தச் சர்க்கரையை உடைச்சா கிடைக்கிறது பத்தாது, மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டியே ஆகணும். ஆக்ஸிஜனை 1, 2 சதவீதத்துக்குக் குறைச்ச பெட்டிக்குள்ள தட்டை வச்சு, செல்லு எவ்வளவு ஆக்ஸிஜன் உறிஞ்சுது, சுத்தி இருக்கிற திரவத்தை எவ்வளவு புளிக்க வைக்குதுன்னு ரெண்டையும் ஒரே நேரத்துல அளப்பாங்க. முதல் அளவு மைட்டோகாண்ட்ரியாவோட வேலை, ரெண்டாவது பெரும்பாலும் லாக்டேட் வழியோட வேலை. பெட்டியைத் திறந்து தட்டை எடுக்கிற ஒரு நிமிஷத்துல வெளிக்காத்து பட்டாலே ஹிஃப் மளமளன்னு அழிய ஆரம்பிச்சிடும், அதனால கை உறையோட பெட்டிக்குள்ளயே வேலையை முடிப்பாங்க.